ஆவிரையும் தரிசும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்துப் புதர்ச்செடி ஒன்றன் வரலாறு

தொண்டை மண்டலத்தின் நடுவே அமைந்த திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பரப்பு இன்று கார்களும் பேருந்துகளும் கண்ணாடியும் மின்கருவிகளும் ஆக்கப்படும் பெருந்தொழில் நிலைக்களமாக விளங்குகின்றது. தொழிற்கூடங்கள் தோன்றுமுன் இந்நிலம் யாதாய் இருந்தது என்று வினவுவார்க்கு வருவாய்த்துறை ஏடுகள் பெரும்பான்மையும் தரும் விடை நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்னும் நான்கு சொற்களே. இவற்றுள் பின்னிரண்டும் பயனற்ற நிலம் என்னும் பொருளிலேயே இன்று வழங்குகின்றன. அவ்விரண்டன்பாற்பட்ட நிலத்தில் பல நூற்றாண்டுகளாகத் தழைத்து வந்த செடிகளுள் ஆவிரை ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு, இலக்கியம், சாசனம், வருவாய் முறை, தோல் வாணிகம் ஆகியவற்றின் வழியே அதன் வரலாற்றைத் தொடர்ந்து காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இன்று தொழிற்கூடங்களின் முகப்பில் நீர்ச்செலவு குறைந்த தோட்டம் அமைத்தல் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அத்தோட்டத்திற்குரிய செடியை அயல்நாட்டிற் தேடுவார்க்கும் இவ்வரலாறு ஒருவாறு பயன்படும் என எண்ணுகின்றோம்.

முதற்கண் செடியை ஐயமறத் தெளிதல் வேண்டும். ஆவிரை என்னும் செய்யுள் வழக்கும், ஆவாரை, ஆவாரம் என்னும் உலக வழக்கும் ஒன்றனையே குறிக்கும். ஆளுயரமோ அதனிற் சற்று மிகுந்தோ வளரும் புதர் இது. எதிரெதிராக அடுக்கிய சிற்றிலைகளையும், கிளை நுனியிற் கொத்தாகப் பூக்கும் ஐந்திதழ்ப் பொன்னிற மலர்களையும், காகிதம் போன்று தட்டையான காய்களையும் உடையது. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்று அகன்ற இரு செதில்கள் உண்டு. அதுபற்றியே 1753ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்குச் 'செவியுடையது' என்னும் பொருள்படக் காசியா ஆரிக்குலேட்டா எனப் பெயரிட்டார். பின்னர் இராக்சுபர்க்கு வகுத்தவாறு சென்னா ஆரிக்குலேட்டா என்பதே இன்றைய நிலைபெற்ற பெயராகும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அக்குடும்பத்துப் பல செடிகளைப் போல வேர்முடிச்சுக்களால் காற்றின் நைட்ரசனை மண்ணிற் சேர்க்கும் ஆற்றல் இதற்கில்லை. இதனை ஈண்டுக் கூறுதற்குக் காரணம் உண்டு. இதன் தழையை உழவர் வயலில் இட்டு மிதித்தது உண்மை; களரும் உவரும் பட்ட நிலத்தைத் திருத்தற்கு அது பெரிதும் உதவியது. ஆயினும் அப்பயன் தழை மட்கி மண்ணொடு கலந்ததனால் விளைந்ததேயன்றி, வேரால் விளைந்தது அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவாருளர்.

சங்க நூல்களில் ஆவிரை இருவேறு நிலைகளிற் காட்சி தருகின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களின் வரிசையில் இதன் பெயர் உளது. அதுகொண்டு ஆவிரையைக் குறிஞ்சி நிலத்துப் பூவென்று கொள்ளல் பொருந்தாது; அவ்வரிசையில் மருத நிலத்துத் தாமரையும் நெய்தல் நிலத்து ஞாழலும் உள்ளன. ஆங்கே புலவரின் நோக்கம் மலர்ப்பெயர்களை நிறைவுறக் கூறுதலே என்க. மற்றொரு நிலை மடலேற்றம் பற்றியது. குறுந்தொகை, கலித்தொகை முதலியவற்றில், காமம் காழ்க்கொண்ட தலைவன் பனைமடலாற் செய்த மாவின்மேல் ஏறி ஊர்த்தெருவிற் செல்லுங்கால், அம்மாவிற்கும் தனக்கும் சூட்டும் மாலைக்குரிய பூக்களாக ஆவிரை, பூளை, எருக்கு என்பன கூறப்படுகின்றன.

இப்பூக்களை மடலுக்கு உரியனவாகக் கொண்டது ஏன் என்பது ஆராய்தற்குரியது. மணமும் அழகும் அற்றவை என்பதனால் என்று கூறுவாருளர். எருக்கிற்கும் பூளைக்கும் அது பொருந்தலாம், ஆவிரைக்குப் பொருந்தாது. பொன்னொடு உவமித்துப் புலவர் பாராட்டிய பூ அஃது. நம் கருத்தில், இம்மூன்றற்கும் பொதுவாயமைந்த இயல்பு வேறொன்றாகும். இவை மூன்றும் எவராலும் நடப்படாதவை, எவராலும் நீர் வார்க்கப்படாதவை, எவர்க்கும் உரிமையில்லாதவை. ஊர்ப்புறத்தே, வழியோரத்தே, சுடுகாட்டருகே தாமே முளைத்து நிற்பவை. ஊரின் ஒழுங்கிற்குப் புறம்பாகத் தன்னை நிறுத்திக்கொண்ட ஒருவன், ஊரின் புறத்தே நிற்கும் பூவைச் சூடி ஊரினுள் நுழைகின்றான். புறத்தே நிற்பது அகத்தே புகுதலே மடலின் அச்சுறுத்தலாகும். ஆவிரையின் அழகு இதனால் மறுக்கப்படவில்லை. அதன் விலையின்மையே சுட்டப்பட்டது. பிற்கால வரலாறு முழுவதிலும் இவ்விலையின்மை இச்செடியைத் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

இனி நிலத்தின் இயல்பைக் காண்போம். இவ்வட்டாரத்தில் ஆண்டிற்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. எண்ணளவில் இது குறைவன்று. ஆனால் அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடும். தை தொடங்கி ஆனி வரை ஆறு திங்கள் நிலம் காயும். மண்ணோ செம்பூறாங்கல்லும் சரளையும் களியும் மாறி மாறி அமைந்தது. திருப்பெரும்புதூர்ப் பெயராலேயே நிலநூலார் வழங்கும் பாறைப்படிவம் ஒன்றுண்டு. அதிற் பொதிந்துள்ள இலைப் படிமங்கள் கிரெட்டேசியக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. பூக்கும் செடிகள் உலகிற் பரவுதற்கு முற்பட்ட காலத்துத் தழைகள் அவை. ஆவிரைக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை எனினும், தொழிற்கூட அடித்தளம் தோண்டுமிடத்து வெளிப்படும் களிக்கல்லைக் காணுந்தோறும் இச்செய்தி நம் நினைவிற்கு வருதலின் ஈண்டுக் குறித்தோம்.

இத்தகைய நிலத்தில் உயர்ந்தோங்கிய பெருங்காடு உண்டாதல் அரிது. சோழமண்டலக் கடற்கரையை அடுத்த இக்காட்டினை 1936ஆம் ஆண்டில் சாம்பியன் என்பார் வகைப்படுத்தியபோது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு எனத் தனி வகையாகக் கொண்டார். பாலை, வீரை, காயா முதலிய குறுமரங்களும், காரை, சூரை, களா முதலிய முட்புதர்களும் செறிந்தது அக்காடு. வெட்டியும் மேய்த்தும் அக்காடு அருகிய வெளியிடங்களில் ஆவிரை மிகும். ஆகலின் ஆவிரையைக் காட்டின் முதற்குடி என்று கூறுவதினும், காடு சிதைந்தவழி நிலத்தைக் காத்து நிற்கும் காவற்குடி என்று கூறுதல் பொருந்தும்.

இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. தொண்டை நாட்டின் இருபத்து நான்கு கோட்டங்களுள் செங்காடு, ஊற்றுக்காடு, ஈக்காடு என்பன காடு என்னும் ஈற்றையுடையவை. செங்காடு என்னும் ஊர் திருப்பெரும்புதூர் வட்டத்தில் இன்றும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை என்னும் பெயரிலும் காடு உளது. கரிகாலன் காட்டினை அழித்து நாடாக்கிக் குளங்கள் தோண்டினான் என்று பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையிற் பாடினார். காட்டை அழித்தலும் குளம் தொடுதலும் ஒருங்கு கூறப்படுதல் கருதற்குரியது. தொண்டை நாட்டில் பேராறு அரிது, ஏரியே உயிர். ஏரிக்குக் கீழ்ப்பட்டது கழனி. ஏரிக்கு மேற்பட்டது காடு. மேற்காட்டில் பெய்த மழை புதர்களின் வேரிடையே தேங்கி, விரைவு தணிந்து, வண்டல் குறைந்து ஏரியை அடையும். செம்பரம்பாக்கம், திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஆகிய ஏரிகளின் நீர்ப்பிடிப்பு நிலம் எல்லாம் இவ்வாறு அமைந்ததே. கழனியில் விளைந்த நெல்லுக்கு மேற்காடும் ஒரு காரணமாயிற்று. எனினும் நெற்கணக்கில் மேற்காட்டின் பெயர் ஏறவில்லை.

பல்லவர் செப்பேடுகள் இம்மேற்காட்டினை அறவே மறந்தன என்று கூறுதற்கில்லை. ஓர் ஊரைத் தானமாக வழங்குங்கால், உடும்பு ஓடிய நிலமும் ஆமை தவழ்ந்த நிலமும் உட்பட அனைத்தும் எனக் கூறும் தொடர் சாசனங்களிற் பயின்று வருவது. ஆமை தவழ்வது நீர்நிலம். உடும்பு ஓடுவது புதர் மண்டிய வன்னிலம். இரு விலங்குகளைக் கொண்டு ஓர் ஊரின் நிலம் முழுவதையும் சுட்டிவிடும் இம்முறையின் நுட்பம் பாராட்டற்குரியது. எல்லையிற் கல்லொடு கள்ளியை நட்டதும் அக்காலத்து வழக்கமே. நீர் வேண்டாத செடி ஒன்றே என்றும் அழியாத எல்லையாகும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

அதே செப்பேடுகளிற் காணப்படும் குவளைக்காணம், செங்கொடிக்காணம் முதலிய வரிகள் வேறொரு செய்தியை உணர்த்துகின்றன. நட்டுப் பேணி விற்றற்குரிய பூவிற்கும் மருந்துச் செடிக்கும் அரசு இறை விதித்தது. நாம் அறிந்த அவ்வரிப் பெயர்களுள் ஆவிரை இல்லை. நடுவார் இல்லாத செடிக்கு வரி விதிப்பது எங்ஙனம்? ஒரகடத்திற்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரையும் ஏரி வாரியத்திற்கு அறுவரையும் குடவோலை வழித் தேர்ந்தமையைக் கூறுகின்றன. தோட்டத்தைக் காப்போர் தொகை ஏரியைக் காப்போர் தொகையினும் இருமடங்கு. தோட்டம் என்பது அக்காலத்தே நீர் இறைத்துப் பயிரிடும் நிலமாகலின் அதற்கு மேற்பார்வை மிகுதியும் வேண்டப்பட்டது போலும். வைணவ மரபும் இதனையே காட்டுகின்றது. திருப்பெரும்புதூரில் 1017ஆம் ஆண்டில் தோன்றியவராகக் கொள்ளப்படும் இராமானுசர், தம் மாணாக்கர் அனந்தாழ்வானைத் திருமலைக்கு அனுப்பி நந்தவனம் அமைக்கச் செய்தார் என்றும், அவர் அதன்பொருட்டு ஏரி ஒன்று வெட்டினார் என்றும் குருபரம்பரை கூறும். ஏரி வெட்டியன்றி நந்தவனம் இல்லை. தமிழர் வழக்கில் தோட்டம் என்றாலே நீர்ச்செலவுடையது என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது. ஆவிரை அக்கருத்திற்குப் புறத்தே நின்றது.

கி. பி. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி செங்கற்பட்டுச் சாகிரை ஆங்கிலக் கும்பினியார்க்கு அளித்தான். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் ஊர்தோறும் நிலத்தையும் குடிகளையும் அளந்து கணக்கெடுத்தார். அன்று தொடங்கிய அளவுமுறை பின்னர் இரயத்துவாரி ஏற்பாட்டில் முற்றி, நிலத்தைத் தீர்வை ஒன்றனையே அளவுகோலாகக் கொண்டு வகுக்கலாயிற்று. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்னும் பாகுபாடுகள் நிலைபெற்றன.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று இன்றியமையாததாகின்றது. முரம்பு, களர், உவர், சுவல் முதலிய பழஞ்சொற்கள் நிலத்தின் இயல்பைக் கூறுவன. முரம்பு என்றால் பரல் நிறைந்த மேடு; களர் என்றால் விளைவுக்கு ஒவ்வாத மண். கேட்ட அளவில் அந்நிலம் எத்தகையது என்பதும், அதில் எது முளைக்கும் என்பதும் விளங்கும். தரிசு என்பதோ நிலத்தின் இயல்பைக் கூறுவதன்று. உழப்படாமை ஒன்றனையே கூறுவது. புறம்போக்கும் அத்தகையதே, தீர்வைக்குப் புறம்பாகப் போகியது என்பது அதன் பொருள். உள்ளதைச் சுட்டிய சொற்கள் மறைந்து, இல்லாததைச் சுட்டும் சொற்கள் அவற்றின் இடத்தைக் கொண்டன. ஆவிரை மண்டிய முரம்பும், காரை அடர்ந்த மேடும், ஆடு மேய்ந்த வெளியும் ஏட்டில் ஒரே நிறத்தவாயின.

பெயர் இவ்வாறாயினும் அந்நிலத்தின்மேல் உரிமைப் போராட்டம் இல்லாமற் போகவில்லை. ஊர்த்தரிசும் தமக்கே உரியது என மிராசுதாரர் வழக்காடினர். 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சித் தலைவராயிருந்த ட்ரெமென்ஹீர், நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் துன்ப நிலையை விளக்கி அறிக்கை ஒன்று எழுதினார். தரிசு நிலத்தை அவர்கள் பெறுதற்கு மிராசு உரிமை தடையாய் நிற்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. அடுத்த ஆண்டில் அரசு அம்மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என இன்றும் வழங்குவது அதுவே. பயனற்றது என்று ஏடு கூறிய நிலத்திற்காக ஊரார் இத்துணை வழக்காடினர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். விறகும் தழையும் மேய்ச்சலும் பட்டையும் தந்தது அந்நிலம். நிலமற்றார்க்கு அதுவே நிலம்.

பட்டை என்று கூறியதனை இனி விரித்துரைப்போம். ஆவிரையின் நெடிய வரலாற்றில் அதற்கு விலை கிடைத்த காலம் ஒன்று உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள். ஆவாரம்பட்டையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை துவர்ப்பொருள் உண்டு. தோல் பதனிடுவோர் பண்டே இதனை அறிந்திருந்தனர். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்த சார்லசு டி சூசா என்பார் பழைய முறையைத் திருத்தி, ஏற்றுமதிக்கேற்ற தோலை ஆக்கினார் என்பர். ஆவாரம்பட்டை நீரில் ஊறிய தோல் வெளிறிய மஞ்சள் நிறம் பெறும், மென்மையுடையது, எச்சாயத்தையும் எளிதில் ஏற்பது. ஒரு குறையும் உண்டு: வெயில் பட்டால் செந்நிறமாக மாறிவிடும். அதனைத் தடுத்தற்கே இறுதியிற் கடுக்காய் நீரில் தோய்த்தனர். இவ்வாறு அரைப்பதமாக்கிய தோல் 'கிழக்கிந்தியக் கிப்பு' என்னும் வாணிகப் பெயருடன் இலண்டன் சந்தைக்குச் சென்று, அங்கே முழுப்பதமாக்கப்பட்டுக் காலணியாகவும் நூற்கட்டாகவும் உருப்பெற்றது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் படைவீரரின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவிற் கொள்ளப்பட்டது.

அப்பட்டை எங்கிருந்து வந்தது? ஆவிரை தோட்டப்பயிராக அன்று. தரிசிலும் சாலையோரத்திலும் தானே வளர்ந்தது. சிற்றூர் மக்கள், பெரும்பாலும் நிலமற்ற ஏழையர், கிளைகளை வெட்டிப் பட்டையை உரித்து உலர்த்திக் கட்டுக்களாகக் கொணர்ந்து விற்றனர். வெட்டிய அடியிலிருந்து செடி மீண்டும் தழைக்குமாதலின் வேரோடு அழிக்காதவரை விளைவு அறாது. உரித்தெடுத்த வெண்கோல் விறகாயிற்று. இலை வயலுக்கு எருவாயிற்று. உலக வாணிகத்தின் ஒரு முனையில் இலண்டன் சந்தையும் மறுமுனையில் தொண்டை நாட்டுத் தரிசும் நின்றன. இரண்டையும் இணைத்த பொருளைத் திரட்டிய கைகளின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை.

இவ்வாணிகம் இருபுறத்தும் தாக்குண்டது. 1903ஆம் ஆண்டு முதல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம உப்பினால் தோல் பதனிடும் முறையைப் புகுத்தினார். மரப்பட்டைக்குப் பல நாள் வேண்டும். குரோம முறைக்குச் சில நாளே போதும். 1912இல் சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்திற்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அவ்விடமே இன்று குரோம்பேட்டையாகும். மறுபுறம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை இறக்குமதியாகி, இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது. 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிய காலத்தில் ஆவிரை தன் பழைய தலைமையை இழந்துவிட்டிருந்தது. கோவையில் ஆவாரம்பாளையம் என ஓர் ஊர் உண்டு. யாழ்ப்பாணத்து ஆவரங்கால் என்னும் பெயரும் ஒப்புநோக்கத்தக்கது. தொண்டை நாட்டிலோ, ஆவிரையை வென்ற உப்பே ஊர்ப்பெயராக நிலைத்தது. வரலாற்றின் இத்தகைய குறும்புகளை வேண்டுமென்று எவரும் கற்பித்துரைத்தல் இயலாது.

வாணிகம் ஒழிந்த பின்னும் மக்கள் வழக்கில் ஆவிரை ஒழியவில்லை. சித்த மருத்துவத்தில் இதன் பூ, இலை, பட்டை, வேர், விதை என்னும் ஐந்துறுப்பும் மருந்தாம். நீரிழிவுக்குரிய ஆவாரைக் குடிநீர் பெயர் பெற்றது. இச்செடி பூத்திருக்கும் ஊரைச் சாவு அணுகாது என்னும் கருத்தமைந்த பழமொழியை அறியாதார் இலர். ஈழத்தில் இதன் பூவையும் இலையையும் தேநீர்போல் காய்ச்சிக் குடிப்பர். தெலங்காணத்தார் தம் மாநிலம் 2014இல் தோன்றியபோது இதனையே மாநில மலராகக் கொண்டனர்; அவர்தம் பதுக்கம்மா விழாவின் மலர் அடுக்கில் இஃது இன்றியமையாதது.

கொங்கு நாட்டிற் பொங்கலுக்கு முன்னாள் வீட்டு முகப்பிற் கட்டும் காப்பு, ஆவாரம்பூ, சிறுபூளை, வேப்பிலை ஆகியவற்றால் ஆயது. மடல் மாலையில் இடம்பெற்ற ஆவிரையும் பூளையும் ஈண்டு மீண்டும் ஒருங்கு வருதல் வியப்பிற்குரியது. இரண்டாயிரம் ஆண்டு இடையறாத வழக்கு இஃது எனத் துணிந்துரைத்தற்குச் சான்று போதாது. தையில் ஊர்ப்புறத்தே எளிதிற் கிடைக்கும் பூக்கள் இவை என்பதே போதிய காரணமாகலாம். எனினும் அன்று ஊரினுள் நுழைதல் அச்சமாயிருந்த பூ, இன்று ஊரினைக் காக்கும் பூவாகி வாயிலில் நிற்கின்றது. மாணவர் எவரேனும் இப்பொருளைத் தனியே ஆராய்வாராயின் நன்று.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். 1971இல் தோன்றிய தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனமாகிய சிப்காட்டு, திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் நிலந்திரட்டித் தொழிற்பேட்டைகளை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்கூடம் 1996இல் அடிக்கல் பெற்று 1998இல் கார்களை ஆக்கத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும், டெய்ம்லர் 2012இலும், ராயல் என்பீல்டு 2013இலும் தொடங்கின. பல்லாயிரவர்க்கு வாழ்வளித்த இத்தொழில்களைப் பழித்தல் நம் நோக்கமன்று. தரிசு என்னும் சொல் இந்நிலமாற்றத்தை எத்துணை எளிதாக்கியது என்பதையே சுட்டுகின்றோம். இல்லாததைக் கூறும் பெயருடைய நிலத்தில் இழப்பு என ஒன்று இருத்தல் எங்ஙனம்? கழனியை இழந்தார் இழப்பீடு பெற்றனர். மேய்ச்சலையும் விறகையும் இழந்தார் ஏட்டில் இடம் பெறாமையின் கேட்பதற்கும் வழியில்லை.

நீரின் கணக்கு வேறொரு வகையில் வந்து சேர்ந்தது. 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றிற் பாய்ந்து சென்னை நகர் வெள்ளத்தில் மூழ்கிற்று. நான்கு ஆண்டு கழியுமுன், 2019ஆம் ஆண்டுக் கோடையில், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அதே ஏரி வறண்டு வெடித்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகளும் அந்நிலையவே. இவ்விரண்டிற்கும் காரணம் பல. மேற்காடு குறைந்தமை மட்டுமே காரணம் என்றல் மிகைபடக் கூறலாம். ஆயினும் நீர்ப்பிடிப்பு நிலம் கற்காரையால் மூடப்பட்டவழி, மழை பெய்தால் வெள்ளமும் பெய்யாக்கால் வறட்சியும் கடுமையாதல் இயல்பே.

அக்கோடையில் நாம் மாணவர் சிலருடன் வண்டலூர் – வாலாசாபாத்துச் சாலைவழி ஒரகடம் சென்றிருந்தோம். சாலையின் ஒருபுறம், தொழிற்கூடம் ஒன்றன் மதிலுக்கு உள்ளே, வண்டியில் வந்த நீரைக் குழாய் வழியே புல்வெளிக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். மறுபுறம், சரளைமேட்டில், ஒரு துளி நீரும் பெறாத ஆவிரை மஞ்சள் போர்த்து நின்றது. புல்லுக்கு நீர் வார்த்த தொழிலாளியிடம் எதிர்ப்புறத்துச் செடியின் பெயரை வினவினோம். அவர் வடபுலத்தவர், அறியாமை இயல்பே. உடனிருந்த உள்ளூர் இளைஞரும் 'காட்டுச்செடி' என்றே விடை கூறினார். ஏரி வற்றியதினும் அவ்விடை நம்மை மிகுதியும் வருத்தியது.

ஆவிரையைத் தோட்டத்தில் வளர்த்தல் அரிதன்று. ஆனால் அதன் இயல்பறிந்து வளர்த்தல் வேண்டும். முற்றி உலர்ந்த காயிலிருந்து எடுத்த விதையின் தோல் மிகக் கடினம். அவ்வாறே விதைத்தால் சில முளைக்கும். பல ஆண்டுக்கணக்கில் மண்ணிற் கிடக்கும். நாம் முதன்முறை துறைத்தோட்டத்தில் விதைத்தபோது இதனை அறியாது ஏமாந்தோம். கொதித்திறக்கிய நீரில் விதையை இட்டு ஓரிரவு ஊறவிட்டு, அல்லது மணலொடு தேய்த்துத் தோலைச் சிராய்த்து விதைத்தபோது விரைந்து முளைத்தது. ஆணிவேர் ஆழச் செல்லுமாதலின் நாற்றைத் தொட்டியில் நெடுநாள் வைத்தல் தீது. பருவமழையின் தொடக்கத்தில் உரிய இடத்திலேயே விதைத்தல் நன்று. முதற்கோடையில் மட்டும் இடையிடையே நீர் வார்த்தால் போதும். அதன்பின் நீர் மிகுவதே கேடு. களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். பூத்து ஓய்ந்தபின் கிளைகளைக் கவ்வாத்துச் செய்தால் புதிய தளிரில் மீண்டும் பூக்கும். பட்டை உரித்த பழைய மக்கள் அறியாதே செய்த கவ்வாத்து அது. எருவும் மருந்தும் வேண்டா. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இலையைத் தின்னும். அதற்கு அஞ்சுதல் வேண்டா, செடி மீளும்.

ஆவிரை ஒன்றனையே வரிசையாக நட்டு அதனை இயற்கைத் தோட்டம் எனல் பொருந்தாது. காரையும் களாவும் காயாவும் உடன் நிற்றல் வேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1968இல் தோன்றிய ஆரோவிலில், செம்மண் அரித்தோடிய வெறுநிலத்தில் இவ்வுலர் பசுமைமாறாக் காட்டினை மீட்கும் முயற்சி பெரும்பயன் தந்தது. சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை அடுத்து 58 ஏக்கர் பரப்பில் உள்நாட்டுச் செடிகளைக் கொண்டு அமைந்த பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. அதற்குத் தொல்காப்பியப் பூங்கா எனப் பெயர் சூட்டினர். தமிழ்த்துறையினர் மகிழ்தற்குரிய பெயர். நிலத்தைத் திணையாக வகுத்த நூலின் பெயர், நிலத்தின் செடிகளை மீட்டமைத்த பூங்காவிற்கு அமைந்தமை மிகப் பொருத்தமே. ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்கூடங்களின் மதிலுக்குள் இதற்குரிய இடம் நிரம்ப உண்டு. அவ்விடமோ முன்பு இச்செடிகளே நின்ற நிலம்.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் தனிக்கடமை ஒன்று உளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது தொகுக்கப்பட்ட செடிப்பெயர்கள் பல. ஆயினும் ஊர்தோறும் வேறுபடும் பெயர்களும், மேட்டுநில வகைகளைக் குறிக்கும் சொற்களும், பட்டை உரித்தல், தழை மிதித்தல், விறகு கட்டுதல் பற்றிய தொழிற்சொற்களும் இவ்வட்டாரத்து முதியோர் நாவில் இன்னும் எஞ்சியுள்ளன. வல்லம், வடகால், செங்காடு முதலிய ஊர்களில் அத்தகையோரைக் கண்டு சொற்களைத் திரட்டும் பணியை நம் முதுகலை மாணவர் சிலர் தொடங்கியுள்ளனர். திரட்டிய பட்டியலில், ஆவிரை நிற்கும் மேட்டு நிலத்திற்கு இதுகாறும் நான்கு வேறு பெயர்கள் கிடைத்துள்ளன. தரிசு என்பது அந்நான்கனுள் ஒன்றன்று.